பதின்மூன்று மில்லிமீற்றர்

4 நவம்பர் 2024, திங்கள்

காலை 142/88. மாலை 146/90.

காலையும் மாலையும் பிரஷர் எழுதி வைக்கச் சொல்லி டொக்டர் உத்தரவு. வெறும் எண்ணாக எழுதினால் கொப்பி அநாதையாகக் கிடக்கிறது, ஆகவே பக்கத்தில் ஏதாவது கிறுக்குகிறேன். எமில்டா எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, பிரஷருக்குக் கதை எழுதுற முதல் ஆள் நீங்கள்தான்" என்றாள். முப்பத்தாறு வருடம் கூட இருந்தால் மனைவிக்கு இப்படிப் பேச உரிமை வந்துவிடுகிறது.

இந்த டிசம்பரோடு வேலை முடிகிறது. நாவாந்துறையில் உதைபந்து அடித்துத் திரிந்த செபமாலை ரெஜினோல்ட், வட பிரான்சில் இரண்டாம் பிரிவு கிளப் ஒன்றின் உடுப்பு அறையில் இருபத்தேழு வருடம் காலம் தள்ளியிருக்கிறேன். மற்றவன் ஊத்தைக் காலுறையைத் தோய்ப்பதும் சப்பாத்துக்குக் கிறம்போன் பூட்டுவதும்தான் வேலை. கிறம்போன் என்றால் சப்பாத்தின் அடியில் திருகிப் பூட்டும் குமிழ். புல் ஈரமென்றால் நீளமானது, காய்ந்திருந்தால் கட்டையானது.

எங்கள் கிளப்பின் பழைய ஆட்டக்காரன் இத்ரீஸ் இன்று அறுபது நாள் நோன்பு தொடங்கியிருக்கிறான். இது மூன்றாந்தரம்.

5 நவம்பர், செவ்வாய்

144/90.

லிப்ற் மறுபடியும் பழுது. நாங்கள் இரண்டாம் மாடி, இத்ரீஸ் நாலாம் மாடி. லிப்ற் படுத்த நாட்களில் காலை எட்டு மணிக்கு மேலே போவேன். அவன் வலது கையை என் தோளில் வைத்து ஒவ்வொரு படியாக இறங்குவான். வலது முழங்கால் பாதிதான் மடியும். கீழே வந்ததும் "மெர்சி, ரெஜி" என்பான். அவன் நகரசபை விளையாட்டு மண்டபத்தில் கதவுத் திறப்புக் கொடுத்து வாங்குகிறான். நான் கிளப்புக்குப் போகிறேன்.

மொரோக்கோ தேசிய அணிக்குப் பத்தொன்பது ஆட்டம் ஆடி ஏழு கோல் அடித்தவன். இப்போது பூப்பந்து விளையாட வருகிற கிழவிகளிடம் கையெழுத்து வாங்குகிறான். ஒரு காலத்தில் அவனிடம் கையெழுத்து வாங்க ஆட்கள் மழையில் நின்றார்கள்.

8 நவம்பர், வெள்ளி

மாலை 158/96.

கிளப்புக்குத் தொண்ணூறு வருடம் ஆகிறதாம். நினைவு மலர் போடுகிறார்கள். செயலாளர் உடுப்பு அறைக்கே வந்து, "ரெஜி, இத்ரீஸ் ஸெரூவாலி பற்றி ஒரு பக்கம் நீ எழுது. அவனை உன்னை விட ஆருக்குத் தெரியும்?" என்றார். டிசம்பர் பதினெட்டுக்குள் கொடுக்க வேண்டும்.

முடியாது என்று சொல்ல வாய் திறந்தேன், சரி என்று வந்தது.

10 நவம்பர், ஞாயிறு

150/92.

பூசை முடிந்து வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் பகுதி தானாகவே வந்தது.

மொரோக்கோவில் ஸஃபி என்கிற துறைமுகம். மத்தி மீன் ஊர். தகப்பன் வள்ளக்காரன், என் அப்பு போல. மீன் பெட்டிகளுக்கு நடுவில் பந்து விளையாடியதால் இடம் குறைவு. இடம் குறைந்தவன் திரும்பப் பழகுகிறான். பத்தொன்பது வயதில் இங்கே வந்தபோது அவனிடம் வேகமில்லை, தலையால் அடிக்கவும் வராது. ஆனால் கோலுக்கு முதுகு காட்டி நின்று, வலது காலை ஊன்றி, ஒரு சுற்று. அவ்வளவுதான், மறிக்க வந்தவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பான். எட்டு வருடம் அந்த ஒரு சுற்றில் தொண்ணூற்றிரண்டு கோல்.

இது வரை எழுதி மூடிவிட்டேன்.

14 நவம்பர், வியாழன்

152/94.

இத்ரீஸின் மனைவி நவால் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இத்ரீஸுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. போன இரண்டு தடவையும் நோன்பு ஆஸ்பத்திரியில் முடிந்தது: 2019இல் இருபத்துமூன்றாம் நாள், 2022இல் முப்பத்தெட்டாம் நாள். இம்முறை விழுந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டொக்டர் எழுத்திலேயே கொடுத்துவிட்டாராம்.

"ஒரு போத்தல் தண்ணிக்காக என்ர மனுசன் சாகப் போறார். நீங்கள் சொன்னால் கேப்பார்" என்றாள். எமில்டா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

15 நவம்பர், வெள்ளி

156/94.

சொல்லிப் பார்த்தேன். (அவன் சொல்வது பிரெஞ்சில். நான் எழுதும்போது நாவாந்துறைக்காரன் ஆகிவிடுகிறான். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.)

"நோன்பு மாசத்தில வேணுமெண்டு நோன்பை முறிச்சவன் அறுபது நாள் தொடர்ந்து பிடிக்கவேணும், ரெஜி. இல்லாட்டி அறுபது ஏழையளுக்குச் சாப்பாடு குடுக்கவேணும்."

"அப்ப சாப்பாட்டைக் குடன். நான் வந்து கோப்பை கழுவுறன்."

"இமாமும் அதைத்தான் சொல்லுறார். ஆனா மேல இருக்கிறவன் என்னட்டை எடுத்தது என்ர காலை. நான் திருப்பிக் குடுக்கிறது சோறோ? உடம்பால செய்த பிழை, உடம்பாலதான் கட்டவேணும்."

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "தண்ணி தந்தது நான். பிழை என்ர."

அவனும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்: "நீ தந்தாய். குடிச்சது நான். உன்னை எப்பவோ மன்னிச்சிட்டன்."

பதினைந்து வருடத்தில் இந்த மன்னிப்பை நூறு தடவையாவது வாங்கியிருப்பேன்.

16 நவம்பர், சனி

170/100. காரணம் தெரியவில்லை. நேற்று எமில்டா கருவாட்டுக் குழம்பு வைத்தாள், உப்பாக இருக்கும்.

22 நவம்பர், வெள்ளி

154/92.

மலருக்கு இரண்டாம் பகுதி.

2009 செப்டெம்பர் 5. சனிக்கிழமை, மத்தியான ஆட்டம், எங்கள் மைதானம். நோன்பு மாதத்தின் நடுப்பகுதி. வெளியூர் ஆட்டமென்றால் பயணிக்குச் சலுகை உண்டாம், அன்று அதுவுமில்லை. காலையில் மழை பெய்து நின்றிருந்தது. ஜனவரியில் பெரிய கிளப் ஒன்று அவனை எடுக்கப் போவதாகப் பேச்சு. இருபத்தேழு வயது.

இடைவேளையில் உள்ளே வந்தபோது அவன் உதடு வெளிறியிருந்தது. வாங்கில் உட்கார்ந்தவன் தலையை நிமிர்த்தவில்லை. நான் போத்தலில் சீனி கரைத்துக் கொடுத்தேன். "குடி. ஒருத்தரும் பாக்கேல்லை" என்றேன். குடித்தான். மறுபாதி தொடங்கி எட்டாம் நிமிடம், கோலுக்கு முதுகு காட்டி நின்று திரும்பினான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை.

இதற்குமேல் என்ன எழுத? காயம் என்று எழுதினால் போதும்.

26 நவம்பர், செவ்வாய்

160/98.

இருபத்துமூன்றாம் நாள் தாண்டிவிட்டான். தோளில் கை வைத்தபோது விரல் நடுங்கியது. "குளிர்" என்றான். படிக்கட்டில் ஹீற்றர் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

1 டிசம்பர், ஞாயிறு

162/98.

உடுப்பு அறையைத் துப்புரவாக்கத் தொடங்கிவிட்டேன். எமில்டா உதவிக்கு வந்தாள். மேல் தட்டில் ஒரு பிஸ்கற் தகரம். அவள் திறக்கப் போனாள்.

"அதைத் தொடாதையும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஏன், உள்ளுக்குப் பாம்போ?"

"பழைய திறப்புகள்" என்றேன். அவள் என் காதைப் பார்த்தாள். பொய் சொன்னால் நான் காதைச் சொறிவேன் என்று அவளுக்குத் தெரியும். இன்று சொறிந்தேனா என்று ஞாபகமில்லை.

6 டிசம்பர், வெள்ளி

மாலை 172/102.

மலருக்கு எழுதியதை இத்ரீஸ் கேட்டு வாங்கினான். தமிழில் எழுதி, பிறகு என் ஓட்டைப் பிரெஞ்சில் மாற்றி வைத்திருந்தேன். படித்துவிட்டுச் சொன்னான்:

"காயமெண்டு போடாதை. உண்மையை எழுது. நோன்பை முறிச்சான், அதனால விழுந்தான் எண்டு எழுது. நோன்போட ஆடுற பிள்ளையள் வாசிக்கட்டும்."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில உனக்குச் சொன்னனான் எல்லே. திரும்பேக்கை ஆரோ காலைப் பிடிச்சு வைச்சிருந்த மாதிரி. ஒரு மனுசனும் கிட்ட நிக்கேல்லை, ரெஜி. அப்ப ஆர் பிடிச்சது?"

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7 டிசம்பர், சனி

176/102.

8 டிசம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தடிமன் என்று சொன்னேன். இன்று மாதாவின் திருநாள். தடிமன் என்பது பொய்.

11 டிசம்பர், புதன்

178/104.

முப்பத்தெட்டாம் நாள். நவால் தொலைபேசியில் அழுதாள். விடியமுன் மாத்திரையை அரைவாசியாக உடைத்துத்தான் போடுகிறானாம், தானாகவே தீர்மானித்து.

இந்தக் கொப்பியை எமில்டா படிப்பதில்லை. பிரஷர் எண்ணை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். ஆகவே எழுதலாம்.

அந்த ஆட்டத்தின் முதற்பாதியில் இத்ரீஸின் வலது சப்பாத்தில் ஒரு கிறம்போன் கழன்று விழுந்துவிட்டது. முன்பக்கத்தில், வெளி ஓரம். மற்றவை எல்லாம் பதின்மூன்று மில்லிமீற்றர். இடைவேளையில் பெட்டியைத் திறந்தால் பதின்மூன்று ஒன்றும் இல்லை. நான்தான் வாங்கி வைத்திருக்க வேண்டும். பதினெட்டு கிடந்தது. ஒன்றுதானே என்று அதைத் திருகிவிட்டேன்.

அந்தக் கிழமை தங்கச்சி வவுனியா முகாமில் இருந்தாள். யாரோ ஒருவரின் தொலைபேசியிலிருந்து எடுத்தாள். அந்த அழைப்பில் நின்றதால்தான் வாங்க மறந்தேன், அந்த அழைப்புக்காகத்தான் அவசரப்பட்டேன். அந்த நேரம் எந்தத் தமிழனுக்குத் தலை நேராக இருந்தது?

மூன்று வருடத்துக்கு முன் லூர்து யாத்திரையில் தமிழ்ச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "வேலையில் கவனக்குறைவு, சுவாமி" என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இவன் ஒரு போத்தல் தண்ணீருக்கு அறுபது நாள் கிடக்கிறான்.

13 டிசம்பர், வெள்ளி

180/106. டொக்டரிடம் போகச் சொல்கிறாள் எமில்டா.

முந்தநாள் எழுதியது முழுதும் சரியில்லை. தங்கச்சியின் அழைப்பு வந்தது ஆட்டத்துக்கு முதல் நாள். இடைவேளையில் எந்த அழைப்பும் வரவில்லை. வரக்கூடும் என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான். பாவம், அவளை இதற்குள் இழுத்திருக்கக் கூடாது.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். இத்ரீஸைத் தூக்கி வந்தார்கள். நாடாவை வெட்டிச் சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு அவனை அம்புலன்ஸில் ஏற்றப் போனார்கள். அறையில் நான் மட்டும். சப்பாத்தை எடுத்தேன். பதினெட்டைக் கழற்றினேன். அவனுடைய பழைய பயிற்சிச் சப்பாத்து அலுமாரியில் தொங்கியது, அதிலிருந்து ஒரு பதின்மூன்றை எடுத்துப் பூட்டினேன். பயிற்சியாளர் வந்து கேட்டபோது சப்பாத்தைத் திருப்பிக் காட்டினேன். ஆறும் பதின்மூன்று. "நல்ல சப்பாத்து" என்றேன்.

அந்த வேலைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இடைவேளை பதினைந்து நிமிடம். பழைய சப்பாத்து அப்போதும் அதே அலுமாரியில்தான் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் இத்ரீஸ் என் கையைப் பிடித்து, "தண்ணி குடிச்சன், ரெஜி. அதுதான் நடந்தது, என்ன?" என்று கேட்டான். மயக்க மருந்து தெளியாத கண். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாக இருந்தது. சொன்னேன்.

"இருக்கலாம்" என்றேன்.

அந்த "இருக்கலாம்" சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைத்தான் எந்தச் சுவாமியிடமும் சொல்லவில்லை. தண்ணீர்க் குற்றத்தை நான் வாங்கிக்கொண்டு வருடக்கணக்காக மன்னிப்புக் கேட்டதும் அதற்காகத்தான். சின்னதைக் கையில் ஏந்திக் காட்டினால் பெரியதை யாரும் தேட மாட்டார்கள்.

16 டிசம்பர், திங்கள்

பிரஷர் எடுக்கவில்லை. மெசினைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

17 டிசம்பர், செவ்வாய்

நாற்பத்துநாலாம் நாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு இத்ரீஸ் உடுப்பு அறைக்கு வந்தான். நாளை மலருக்குக் கடைசி நாள், தான் சொன்னபடி எழுதியிருக்கிறேனா என்று பார்க்க வந்தானாம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றி முழுக்க வியர்வை, உதடு அன்றைக்குப் போலவே வெளிறியிருந்தது. கதிரையை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தான் என்பதை விட விழுந்தான் என்று சொல்ல வேண்டும்.

"சீனி இறங்கியிட்டுது. ஏதும் குடி."

"இன்னும் பதினாறு நாள்தான் கிடக்கு."

"குடி, இத்ரீஸ். அம்புலன்ஸுக்கு எடுக்கட்டோ?"

"எடுத்தாயெண்டால் உன்னோட கதைக்கமாட்டன். ரெண்டு தரம் தோத்திட்டன். இந்தத் தரம் அவனுக்கு முழுசாக் குடுப்பன்."

மேல் தட்டிலிருந்து பிஸ்கற் தகரத்தை எடுத்தேன். என் பழைய செபமாலை, கிறம்போன் சாவி, அந்த ஒற்றைக் கிறம்போன். எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது அண்டைக்கு உன்ர வலது சப்பாத்தில கிடந்தது. நான்தான் பூட்டினனான். நீ விழுந்தாப்பிறகு நான்தான் கழட்டி ஒளிச்சனான்."

அவன் பார்த்தான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்தான். ஆட்டக்காரனுக்கு நீளம் பார்க்க அளவுகோல் தேவையில்லை.

"பதினெட்டு."

"ஓம்."

"மற்றது?"

"எல்லாம் பதின்மூண்டு."

"எந்த இடம்?"

"முன்னுக்கு. வெளி ஓரம்."

கண்ணை மூடினான். கதிரையில் இருந்தபடியே வலது பாதத்தைத் தரையில் ஊன்றி மெதுவாகத் திருப்பினான். பாதித் திருப்பத்தில் நிறுத்தினான். சலவை மெசின் ஓடி முடிந்து நின்றுவிட்டது.

"புல்லு பிடிச்சிருக்கு" என்றான். "பதினஞ்சு வருசமா நான் ஆர் பிடிச்சதெண்டு நினைச்சன் தெரியுமே?"

எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இருந்தேன்.

"ஆஸ்பத்திரியில உன்னட்டைக் கேட்டனான்."

"ஓம்."

"நீ என்ன சொன்னனி?"

"இருக்கலாம் எண்டன்."

திட்டுவான், அடிப்பான் என்று நின்றேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவன் நெற்றியை மட்டும் துடைத்தான்.

"தண்ணி தா" என்றான். "சீனி போட்டு. அண்டைக்கு மாதிரி."

போத்தலில் கரைத்தேன். பாதிச் சீனி மேசையில் கொட்டியது. அவன் "பிஸ்மில்லா" சொல்லிக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கொஞ்ச நேரத்தில் முகத்தில் நிறம் வந்தது. கிறம்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். வாசல் படியில் தோளைக் கொடுக்கப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கினான்.

வீட்டுக்கு வந்து எமில்டாவிடமும் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். பிறகு, "அந்தப் பிள்ளை இந்த மேசையில இருந்து எத்தினை நாள் சாப்பிட்டிருக்கும். நீங்களும் முன்னால இருந்துதானே சாப்பிட்டனியள்" என்றாள்.

18 டிசம்பர், புதன்

148/90.

மலருக்கு முழுதும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கிறம்போன், அளவு, அலுமாரி, என் பெயர், எல்லாம். பிரஷர் ஏன் இறங்கியது என்று வெட்கமாக இருக்கிறது. அவனுக்கு ஏறியிருக்கும்.

20 டிசம்பர், வெள்ளி

150/92.

செயலாளர் கூப்பிட்டார். "ரெஜி, கொண்டாட்ட மலர் இது. இதெல்லாம் எதுக்கு? போற நேரத்தில உனக்கும் கரைச்சல், கிளப்புக்கும் கரைச்சல்." கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, காயம் காரணமாக ஓய்வு பெற்றார் என்று போட்டுவிட்டார்களாம். நான் பதினைந்து வருடம் மறைத்ததை அவர்கள் ஒரே வரியில் மறைத்துவிட்டார்கள்.

23 டிசம்பர், திங்கள்

லிப்ற் பழுது. எட்டு மணிக்கு மேலே போனேன். நவால் கதவைத் திறந்து, "வேலைக்கு வெளிக்கிட்டிட்டார்" என்றாள். அவன் சப்பாத்து வாசலில் கிடந்தது.

25 டிசம்பர், புதன்

நத்தார். மகள் வந்தாள். கேக் சாப்பிட்டோம். நாலாம் மாடிக்கு வருடாவருடம் அனுப்பும் பலகாரத் தட்டை எமில்டா இந்த முறையும் அனுப்பினாள். தட்டு கழுவித் திரும்பி வந்தது, வெறுமையாக. வழக்கமாக அதில் பேரீச்சம்பழம் இருக்கும்.

29 டிசம்பர், ஞாயிறு

146/88.

இத்ரீஸ் நோன்பை விட்டுவிட்டான். நவால் எமில்டாவிடம் சொல்லியிருக்கிறாள்: "கால் வேற கதை எண்டு இப்ப விளங்கியிட்டுது, தண்ணிக்குச் சோறு போதும்" என்றானாம். இன்று மத்தியானம் பள்ளிவாசல் மண்டபத்தில் அறுபது பேருக்குச் சாப்பாடு.

எனக்கு அழைப்பில்லை. எமில்டாதான், "கோப்பை கழுவுறன் எண்டு வாயால சொன்னனியள் எல்லே, போங்கோ" என்று கோட்டை எடுத்துத் தந்தாள்.

பின்கதவால் போய்க் கோப்பை கழுவும் தொட்டியடியில் நின்றேன். வீடில்லாதவர்கள், அகதி முகாமிலிருந்து வந்த பெடியள், இரண்டு உக்ரேன்காரிகள். இத்ரீஸ் ஒவ்வொரு சோற்றுக் கோப்பையையும் தன் கையாலேயே கொண்டுபோய் வைத்தான், நொண்டி நொண்டி. ஒரு தடவை குசினிக்குள் வந்தவன் என்னைக் கண்டான். கழுவிய கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனான். பேசவில்லை. கழுவாதே என்றும் சொல்லவில்லை. அறுபதும் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு வந்தேன்.

31 டிசம்பர், செவ்வாய்

கடைசி வேலை நாள். பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் இத்ரீஸ் எங்கள் வாசலில் நிற்கிறான். லிப்ற் பழுது. இரண்டு மாடி தனியாக இறங்கி வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது. சட்டைப்பையிலிருந்து கிறம்போனை எடுத்து என் கையில் வைத்தான்.

"பதினஞ்சு வருசம் வைச்சிருந்தனி. இன்னும் வைச்சிரு. நான் வைச்சிருக்கத் தேவையில்லை."

வாங்கிக்கொண்டேன். அவனைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், பதினைந்து வருடத்தில் முதல் தடவையாகச் சரியான குற்றத்துக்கு. கேட்டேன். அவன் படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் துப்புரவுக்காரி கழுவிவிட்டுப் போயிருந்தாள், எல்லாம் ஈரம்.

பிறகு வலது கையை என் தோளில் வைத்தான். வழக்கத்தை விடப் பாரமாக இருந்தது.

"இது மன்னிப்பு இல்லை, ரெஜி" என்றான். "படி வழுக்குது."

நான் முதல் படியில் காலை வைத்தேன்.